எதிர்ப்பக்கத்து ஜன்னல்கள்

பகல் நேரத்தில் குளிரூட்டிகளுக்கு மின்சாரம் கிடையாது என்ற சட்டம் வந்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. அறுவை அரங்குக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மட்டும் விதிவிலக்கு. மற்றபடி பள்ளிக்கூடமோ அலுவலகமோ மருத்துவமனையோ, ஜன்னலை நம்பித்தான் எல்லாமே நடந்தன. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது என்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலோரத்தில் இருந்த முத்துக்கரை மருத்துவமனையில் எண்ணூற்று நாற்பது ஜன்னல்கள். எல்லாம் ஆள் எட்டாத உயரத்தில் இருந்தன. இரட்டைக் கண்ணாடி போட்டு, மேலே கீல் வைத்து, கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்கும் வகை. மோட்டார்தான் தள்ள வேண்டும். எந்த மோட்டார் என்று முடிவெடுக்கத்தான் அன்று காலை குழு கூடியிருந்தது.

சேர்மக்கனிக்கு நாற்பத்தாறு வயது. பத்து வருடமாக அந்த மருத்துவமனையின் கட்டடப் பொறியாளர். ஒரு குழாய் கசிந்தாலும் ஒரு லிஃப்ட் நின்றாலும், "சேர்மக்கனி என்ன சொல்லுதாரு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஜசிந்தா கொரைரா வந்து சேர்ந்தாள். அவளும் தூத்துக்குடிக்காரிதான். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு, தாய்க்கு உடம்புக்கு முடியாததால் ஊர் திரும்பியவள். அவள் வந்த ஆறே மாதத்தில் அந்தக் கேள்வி மாறிவிட்டது. "ஜசிந்தா மேடம்கிட்ட கேட்டீங்களா?" என்று நர்சுகள் அவனிடமே கேட்டார்கள். அவள் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுவே அவனை இன்னும் அதிகமாக வருத்தியது. கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழுவின் தலைவர் டாக்டர் மீரான். அவர் முன்னால் இரண்டு மோட்டார்கள் இருந்தன.

"இது செயின் மோட்டார்" என்றாள் ஜசிந்தா. கையடக்கமான பெட்டி. உள்ளே சுருண்டிருக்கும் எஃகுச் சங்கிலி வெளியே நீண்டு ஜன்னலைத் தள்ளும். "சத்தமே இருக்காது டாக்டர். நோயாளி தூங்கும்போது திறந்தாக்கூடத் தெரியாது. அவசரத்துக்குக் கம்பால இழுத்தா கையாலயும் மூடிரலாம்."

சேர்மக்கனி தன்னுடையதைக் காட்டினான். உலக்கை மாதிரி ஒரு நீளக் குழாய், அதற்குள் திருகுத்தண்டு. "இது ஸ்பிண்டில். பாக்க அழகா இருக்காது. ஆனா முழுசா மூடின குழாய், உப்புக் காத்து உள்ள போகாது. சங்கிலின்னா இந்தக் கடக்கரையில ஒரு வருசத்துல இறுகிரும். இதுக்கு இருக்க பலத்துக்கு எந்தக் காத்தடிச்சாலும் ஜன்னல் நின்ன இடத்துல நிக்கும்."

"ரெண்டு பேரும் சொல்றது சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "கிழக்குக் கட்டடத்துல ஒரு வார்டுக்கு ஸ்பிண்டில். எதிர்ல மேற்குக் கட்டடத்துல ஒரு வார்டுக்கு செயின். நாப்பது நாள் நீங்களே கத்துக்குடுங்க. அப்புறம் அதுங்க தானா ஓடட்டும். எது நல்லா ஓடுதோ அதையே எல்லா ஜன்னலுக்கும் வச்சிரலாம்."

கற்றுக்கொடுப்பது என்பது இதுதான். எந்த மோட்டாராக இருந்தாலும் அதை இயக்கும் கணினி மூளை ஒரே வகைதான், வார்டுக்கு ஒன்று. நாற்பது நாள் ஒரு மனிதர் டேப்லெட்டில் விரலை மேலே தள்ளி ஜன்னலைத் திறப்பார், கீழே இழுத்து மூடுவார். மூளை அதைக் கவனித்துக்கொண்டிருக்கும். அறையின் வெப்பம், மூச்சுக்காற்றின் கனம், தூசி, காற்றின் வேகம், கடிகார நேரம், ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் கேட்கும் சத்தம், மொட்டைமாடிக் கேமராவில் தெரியும் வானம், கடல், மேகம் என்று எல்லாமே அதற்கு எட்டும். எதைப் பார்த்தபிறகு அந்த விரல் நகர்கிறது என்று அதுவாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். முற்றத்தைத் தாண்டிய எதிர்க்கட்டடமும் அந்தக் கேமராவின் பார்வையில் விழுந்தது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

முதல் ஐந்து நாட்கள் சேர்மக்கனி நேர்மையாகத்தான் கற்றுக்கொடுத்தான். வார்டின் கோடியில், முற்றத்தைப் பார்த்துக் கண்ணாடி போட்ட சின்ன அறையில் நின்றுகொண்டு வெப்பத்தைப் பார்த்தான், காற்றைப் பார்த்தான், திறந்தான், மூடினான். ஆறாம் நாள் காலை, எதிர்க்கட்டடத்து ஜன்னல்கள் பன்னிரண்டும் ஒரே சமயத்தில் சத்தமில்லாமல் திறந்துகொண்டன. முற்றத்தில் நடந்துகொண்டிருந்த டாக்டர் மீரான் நின்று, தலை நிமிர்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

அன்றிலிருந்து சேர்மக்கனியின் கண் அந்தப் பக்கமே போயிற்று.

அவள் திறப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் திறக்க முயன்றான். முடியாதபோது, அவள் திறந்த உடனே அவளைவிட அகலமாகத் திறந்தான். நடைபாதையில் ஒரு மின்பலகை வைத்திருந்தார்கள். இரண்டு வார்டுகளின் வெப்பமும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளிக்காற்று உள்ளே வந்தது என்பதும் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். தூசியோ வெயிலோ ஏறி அவள் மூடும்போது அவன் மூடமாட்டான். இன்னும் அகலமாகத் திறந்து, கால் மணி நேரம் விட்டுவைப்பான். பலகையில் அவனுடைய எண் ஏறும். அந்த நாற்பது நாளில் பெரிய காற்று எதுவும் அடிக்கவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

வார்டில் கண்ணாடி அறைக்குப் பக்கத்துக் கட்டிலில் பேச்சித்தாய் என்றொரு பெண் இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம் உப்பளத்தில் வேலை செய்து நுரையீரல் கெட்டு வந்திருந்தாள். ஒருநாள் அவள் அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, எந்நேரமும் அந்தக் கண்ணாடிகிட்டயே நிக்கீயளே. அங்கன யாரு இருக்கா?"

"யாருமில்ல அக்கா. வேல."

"இல்ல, என் மவன் லீவுல வந்தா பக்கத்து வீட்டு வண்டியவே பாத்துக்கிட்டு நிப்பான். அதே மாதிரி நிக்கீய. அதான் கேட்டேன்."

அவன் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனான். போனவன் திரும்பவும் கண்ணாடி பக்கம்தான் போய் நின்றான்.

நாற்பது நாள் முடிந்தது. மோட்டார்கள் தாமாக ஓடத் தொடங்கின. முதல் பத்து நாளில் சேர்மக்கனியின் வார்டு எல்லாக் கணக்கிலும் முன்னால் நின்றது. அவன் சொன்னபடியே மேற்கு வார்டில் இரண்டு செயின் மோட்டார்கள் உப்பேறி முனகின. பதினோராம் நாள் காலை டாக்டர் மீரான் அவனைத் தன் அறைக்கு அழைத்தார்.

"உங்க ஸ்பிண்டில்தான் தேறும்போல இருக்கு சேர்மக்கனி" என்றார்.

மணி பதினொன்று இருக்கும். டாக்டரின் அறையிலிருந்து பார்த்தால் முற்றம் முழுவதும் தெரியும். தென்மேற்கே வானம் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளிலிருந்து மணல் கிளம்பி வந்துகொண்டிருந்தது. எதிரே ஜசிந்தாவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஒரே நிமிடத்தில் பன்னிரண்டும் அடைந்துவிட்டன. அதைப் பார்த்த சேர்மக்கனிக்கு முதலில் தோன்றியது, சந்தோஷம். அவளுடைய மோட்டாரால் இந்தக் காற்றைத் தாங்க முடியவில்லை, பயந்து மூடுகிறது என்று நினைத்தான்.

அப்போதுதான் டாக்டரின் போன் அடித்தது. கிழக்கு வார்டு நர்ஸ்.

"டாக்டர், ஜன்னல் மூட மாட்டேங்கு. இன்னும் அகலமாத் திறக்கு. வார்டு பூரா மண்ணு."

சேர்மக்கனி ஓடினான். வார்டுக்குள் நுழைந்தபோது எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. இரண்டு நர்சுகள் கொக்கிக் கம்பை மாட்டி ஒரு ஜன்னலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை. எந்தக் காற்றுக்கும் அசையாது என்று அவன் சொன்ன மோட்டார் அது. மனிதர் இழுத்தும் அசையவில்லை. அவன் கண்ணாடி அறைக்குப் போய் தானியங்கி விசையை அணைத்து, மூளையைப் பிரித்துவிட்டு, கையால் பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாக மூடினான். மணல் உள்ளே வரத் தொடங்கியதிலிருந்து கடைசி ஜன்னல் மூடும்வரை பதினோரு நிமிடங்கள்.

மற்றவர்கள் இருமித் தப்பித்துக்கொண்டார்கள். பேச்சித்தாய்க்கு மூச்சு நின்றுவிட்டது. தள்ளுவண்டியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது அவள் உதடுகள் நீலமாக இருந்தன. கண்ணிமைகளில் சிவப்பு மணல் படிந்திருந்தது.

ஒன்பது நாள் அவள் கருவியின் துணையோடு மூச்சுவிட்டாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனி உப்பளத்துக்குப் போக முடியாது, மாடிப்படி ஏற முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் தூசி சென்சாரைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே சிவப்பு மணல் அடைத்திருந்தது. சென்சார் அடைத்துக்கொண்டதால் மூளைக்குத் தூசி தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். சேர்மக்கனியும்தான்.

ஆனால் மூளையிடம் ஒரு பட்டியல் கேட்கலாம். எதைப் பார்த்துத் திறந்தாய், எதைப் பார்த்து மூடினாய் என்று கேட்டால் காரணங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும். கற்றுக்கொடுத்தவரின் ரகசிய எண் போட்டால்தான் அது திறக்கும். அறிக்கை வந்த மூன்றாம் நாள் மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு சேர்மக்கனி அந்தப் பட்டியலைத் திறந்தான்.

எதிர்க்கட்டட ஜன்னல்கள்: நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. வெப்பம்: பத்தொன்பது. காற்றின் வேகம்: பதினான்கு. மூச்சுக்காற்று: ஏழு. தூசி: இரண்டு.

அவன் அதை மூன்று முறை படித்தான். சென்சார் நன்றாக வேலை செய்திருந்தாலும் ஜன்னல் மூடியிருக்காது. அந்தப் பக்கம் மூடினால் இந்தப் பக்கம் திறந்துவைக்க வேண்டும் என்று அது கற்றிருந்தது. அவன் மனதில் இருந்ததை அவன் மனைவிக்கும் சொன்னதில்லை, தனக்கே முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஒரு மூளை அதைப் புரிந்துகொள்ளாமலேயே எண்ணாக எழுதிவைத்திருந்தது.

அவன் பட்டியலை மூடிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் குழு கூடியது. ஜசிந்தா எழுந்து பேசினாள்.

"என்னோட ரெண்டு மோட்டார் உப்புல இறுகிப்போச்சு. சேர்மக்கனி சார் முதல்லயே சொன்னார், நான் கேக்கல. ஸ்பிண்டில்தான் சரி. கம்புல இழுத்தா விடுற மாதிரி ஒரு பிடி மட்டும் சேத்துக்கலாம். தூசி சென்சாரை மாத்திட்டு, சார் கத்துக்குடுத்த மூளையையே எல்லா ஜன்னலுக்கும் போட்டுரலாம்."

"நல்லது" என்றார் டாக்டர் மீரான். "திங்கக்கிழமை குழந்தைங்க வார்டுல ஆரம்பிச்சிருவோம்."

இத்தனை நாள் அவன் ஏங்கியது முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் கைக்கு வந்தது. அதுவும் அவள் கையால் வந்தது. அவளுடைய அந்தப் பெருந்தன்மை அவனுக்கு எரிந்தது. எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போனபிறகும் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எண்ணூற்று நாற்பது ஜன்னல்கள், ஒவ்வொன்றும் எதிரே இருப்பதைப் பார்த்துக்கொண்டு. பின்னால் குழந்தைகள்.

மாலையில் மேற்கு வார்டுக்குப் போனான். ஜசிந்தா ஒரு நோயாளியின் கட்டில் அருகே நின்று காய்ச்சல் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மூளையோட காரணப் பட்டியலைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. எண்ணைப் போட்டுத் திறந்து நீட்டினாள். அவன் மற்ற வரிகளைப் படிக்காமல் ஒரே ஒரு வரியைத் தேடினான். அவளும் கொஞ்சமாவது பார்த்திருப்பாள் என்று நம்பினான். பத்து வேண்டாம், ஐந்து இருந்தால்கூடப் போதும். பட்டியலின் அடியில் அது இருந்தது. எதிர்க்கட்டட ஜன்னல்கள்: பூஜ்யம்.

"ஒரு தடவகூட எங்க பக்கம் பாக்கலையா?"

"எதுக்குப் பாக்கணும்?" என்றாள் அவள், உண்மையிலேயே புரியாமல். "நான் வார்டுக்குள்ளயேதான் நடந்துக்கிட்டு இருந்தேன். படுத்திருக்கிறவங்களப் பாக்கவே நேரம் பத்தல."

அவன் தன் டேப்லெட்டை அவளிடம் கொடுத்தான். அவள் முதல் வரியைப் படித்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"சென்சார் இல்லையா, அப்ப?"

"இல்ல."

"அந்தம்மாவுக்கு நடந்தது?"

"நான்தான்."

அவள் அவனுடைய டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இது தெரியவே தெரியாது சார்" என்றாள். "நீங்க என்மேல இப்பிடி இருந்தீங்கன்னு."

"தெரியாததுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்திச்சு."

அவள் தன் பட்டியலை அவன் பக்கம் திருப்பி ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் வார்டுக்கு வரும் நேரம்: நூற்றுக்கு ஒன்பது.

"நேத்துதான் இதப் பாத்தேன். டாக்டர் வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் திறந்துவச்சிருக்கேன். நல்லா இருக்குன்னு அவர் சொல்லணும்னு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, அவ்வளவுதான். என்னோடதையும் போட வேண்டாம்."

இருவரும் சேர்ந்து டாக்டர் மீரானிடம் போனார்கள். சேர்மக்கனி எதையும் விடாமல் சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். விசாரணை அறிக்கையைத் திருப்பி எழுத வேண்டும், வேலையைப் பற்றி மேலிடம்தான் முடிவு செய்யும் என்றார். பிறகு கேட்டார், "இந்த மூளையும் வேண்டாம், அந்த மூளையும் வேண்டாம்னா, யார் கையால கத்துக்குடுக்கிறது?"

சேர்மக்கனி ஒரு பெயர் சொன்னான்.

பேச்சித்தாயைத் திரும்பவும் கிழக்கு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மூக்கில் குழாய் இருந்தது. அவன் கட்டில் அருகே ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டரிடம் சொன்னதையெல்லாம் அவளுக்குப் புரியும்படி சொன்னான். அவள் மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொம்பளமேல அம்புட்டுக் கோவமா உங்களுக்கு?"

"கோவம் இல்ல அக்கா. பொறாமை."

"என்னமோ. எனக்கு மூச்சு நின்னுபோச்சு."

அவன் தலைகுனிந்திருந்தான். அவள் மன்னிப்பதாகச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பிறகு டேப்லெட்டை எடுத்து, இனி நாற்பது நாள் இந்த வார்டு ஜன்னல்களை அவள்தான் திறந்து மூட வேண்டும், சம்மதமா என்று கேட்டான்.

"எனக்கு எழுத்துத் தெரியாதே."

"எழுத்து வேண்டாம். திறக்கணும்னு தோணினா விரல மேல தள்ளுங்க. மூடணும்னா கீழ இழுங்க."

"எனக்குத் தோணினாப் போதுமா?"

"போதும்."

அவள் யோசித்தாள். "சரி. ஆனா நீங்க அந்தக் கண்ணாடி ரூம்ல நிக்கக் கூடாது. நான் கண்ணு அசந்தா மெஷினப் பாத்துக்க ஆள் வேணும். இங்கனயே ஒக்காருங்க."

மேலிடம் அவனைப் பொறியாளர் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. பராமரிப்பு வேலையில் வைத்துக்கொள்ள டாக்டர் மீரான் கடிதம் எழுதினார். அவனுடைய அறையும் பெயர்ப்பலகையும் ஜசிந்தாவுக்குப் போயின. நாற்பது நாள் சேர்மக்கனி கிழக்கு வார்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சில நாள் ஜசிந்தா வந்து விசாரித்துவிட்டுப் போவாள். அவள் நடந்துபோகும்போது அவனுக்குள் பழைய முள் அசையும். அது போய்விட்டது என்று அவன் யாரிடமும் பொய் சொல்லவில்லை.

பேச்சித்தாய்க்கும் ஆறாம் கட்டில் கிழவிக்கும் முதல் நாளே சண்டை வந்துவிட்டது. மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் தொடங்கி, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அளவுக்குப் போயிற்று. "அவளுக்கு வாயில நல்ல வார்த்தையே வராது" என்று பேச்சித்தாய் கிழவியின் காதில் விழும்படியே சொல்வாள். விரல் மட்டும் டேப்லெட்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. இடையில் இரண்டு முறை தேரி மணல் கிளம்பியது. இரண்டு முறையும் வானம் சிவக்கும் முன்னே அவள் மூடிவிட்டாள்.

நாற்பதாம் நாள் மாலை சேர்மக்கனி காரணப் பட்டியலைத் திறந்தான். முதல் வரியில் தூசி இருக்கும் என்று எதிர்பார்த்தான். மூச்சுத் திணறிச் செத்துப் பிழைத்தவள் வேறு எதைப் பார்ப்பாள்? தூசி இரண்டாவதாக இருந்தது, நூற்றுக்கு இருபத்தேழு. முதல் வரி வேறு.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் பேச்சித்தாய்.

"ஆறாம் கட்டில் இருமல். முப்பத்தொண்ணு."

அவள் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க அவங்ககூடப் பேசுறதே இல்லியே அக்கா."

"பேசாட்டி என்ன? இருமுனா எனக்குக் கேக்காதா?" என்றாள் எரிச்சலோடு. "காத்து வந்தா இருமல் அடங்கும். மண்ணு வந்தா ஏறும். அதப் பாத்துத்தான் தள்ளினேன். தப்பா?"

"தப்பில்ல."

அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி அவன் அழுத்தினால் போதும், எண்ணூற்று நாற்பது ஜன்னல்களும் இதைக் கற்றுக்கொள்ளும். ஆனால் விரல் நகரவில்லை. ஏனென்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். பேசாதவங்க இருமலக்கூடக் கேட்டிருக்கீங்க. உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

பேச்சித்தாய் அவனைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்ப அந்த மெஷின இங்க குடுங்க" என்று கையை நீட்டினாள். "எத அழுத்தணும்னு மட்டும் சொல்லுங்க. நானே அழுத்துதேன்."